எழுபத்தொரு தலைகள்

சம்பந்தம் பதினோரு வருடமாக அந்த அடுக்ககத்தின் செயலாளர். ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் இருபத்துநாலு வீடு, பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். தண்ணீர் மோட்டார் போடுவதிலிருந்து புறாவை விரட்டுவது வரை அவரைக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்கக் கூடாது. அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆட்டம்.

எல்லாம் மூன்றாம் மாடி கிருஷ்ணகுமாரால் வந்த வினை. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பையன், பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "மாடிப்படி முழுக்கச் செருப்பு அலமாரி. தீப்பிடிச்சா ஒருத்தரும் தப்பிக்க மாட்டோம் சார்" என்று கொளுத்திப் போட்டான். சம்பந்தத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தீயணைப்பு நிலையத்துலேர்ந்தே ஆளைக் கூப்பிட்டு ஒத்திகை வைக்கறேன். அஞ்சே நிமிஷத்துல அத்தனை பேரும் கீழே நிக்கலைன்னா செயலாளர் பதவியே எனக்கு வேண்டாம், போ!"

சொன்ன வாயை மூட முடியுமா? மறுநாளே நிலையத்துக்கு ஓடினார். அங்கே அதிகாரி சூசைராஜ், லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்து உருது கலந்த தமிழ் பேசுபவர், ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"யாருக்கும் முன்னாடியே சொல்ல நக்கோ சார். சொல்லிட்டா அது ஒத்திகை இல்ல, ரிசப்ஷன்."

சம்பந்தம் பவ்யமாகத் தலையாட்டினார். வீடு திரும்பியதும் கிருஷ்ணகுமார் வீட்டை மட்டும் விட்டுவிட்டுக் கதவு கதவாகத் தட்டி எல்லோருக்கும் சொன்னார். செருப்பு அலமாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக மொட்டை மாடிக்கு ஏறின. மனைவி வசந்தகுமாரிக்குத் தனி உத்தரவு: "வர்றவங்களுக்குச் சூடா போண்டா போட்டுடு. சைரன் ஊதும், அது மத்தவங்களுக்கு. நீ அடுப்பை விட்டு நகராதே."

ஞாயிறு காலை தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. இறங்கிய சூசைராஜ் அசந்துபோனார். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பட்டுப்புடவையும் பவுடருமாக, கிருஷ்ணகுமார் நீங்கலாகக் குடியிருப்பே உட்கார்ந்திருந்தது.

"க்யா சார், சைரனே இன்னும் ஊதல. தீ பிடிக்கறதுக்கு முன்னாடியே தப்பிச்சுட்டாங்களா?"

"எங்க ஆளுங்க உஷார் சார்" என்றார் சம்பந்தம், கொஞ்சமும் கூசாமல்.

சூசைராஜ் அத்தனை பேரையும் மேலே விரட்டினார். முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். சைரன் ஊதியதும் தடதடவென்று இறங்கினார்கள். கிருஷ்ணகுமார் மட்டும் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு அலறியடித்து வந்தான். அதைப் பார்த்ததிலேயே சம்பந்தத்துக்கு வயிறு குளிர்ந்தது. நாலு நிமிஷம் பத்து விநாடி! இனி எவனாவது வாயைத் திறக்கட்டும்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார் சூசைராஜ். "நல்லா எண்ணிச் சொல்லுங்க சார். நெருப்பை அணைக்கறது எங்க வேலை. உள்ள யாரு மாட்டியிருக்காங்கன்னு சொல்றது உங்க வேலை. நீங்க இல்லன்னு சொன்னா நாங்க உள்ள தேட மாட்டோம்."

சம்பந்தம் பட்டியலை எடுத்துக் கணீரென்று வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை உயர்ந்தது. எழுபத்தொன்று.

"ஒரு தலைகூடக் குறையல!" என்று அடியில் கையெழுத்தும் போட்டார்.

அப்போதுதான் இரண்டாம் மாடி பால்கனியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. கையில் ஜல்லிக்கரண்டி.

"ஏங்க! முதல் ஈடு எடுத்தாச்சு. ஆறிப் போறதுக்குள்ள எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க!"

சூசைராஜ் பால்கனியைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்.

"இந்த அம்மா யாரு?"

"செயலாளர் சாரோட வீட்டம்மா" என்றான் கிருஷ்ணகுமார், பிரஷ்ஷை எடுத்துவிட்டு, பரம சந்தோஷமாக.

இரண்டு வீரர்கள் ஓடிப்போய் அடுப்பை அணைத்து வசந்தகுமாரியைக் கீழே அழைத்து வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் பட்டியலை வாங்கி நிதானமாகப் படித்தார். சம்பந்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையாகவே தீப்பிடித்திருந்தால்? கையெழுத்துப் போட்டு இவளை உள்ளே விட்டிருப்பேனே!

"நாலாம் மாடி நாய் டஃபி பேரு இருக்கு" என்றார் வசந்தகுமாரி. "எழுபத்தோராவது தலை அதுதான் போல. என் பேரைத்தான் காணோம்."

"நீ... போண்டா..." என்று இழுத்தார் சம்பந்தம்.

கிருஷ்ணகுமார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்போ செயலாளர் பதவி..." என்று ஓரடி முன்னால் வந்தான்.

"நீ இருப்பா. நீ பல்லைத் தேச்சுட்டு வா" என்றார் வசந்தகுமாரி. "இனிமே நான் பார்த்துக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

சூசைராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை அவரிடம் நீட்டினார். "அப்ப நீங்களே மறுபடி எண்ணிக் கையெழுத்துப் போடுங்கம்மா."

வசந்தகுமாரி தன்னைத் தொட்டு "ஒண்ணு" என்று ஆரம்பித்தார். விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணி, டஃபியையும் சேர்த்துக்கொண்டு, எழுபத்தொன்றில் நிறுத்தினார்.

"ஒருத்தர் விட்டுப்போச்சேம்மா" என்று சம்பந்தத்தைக் காட்டினார் சூசைராஜ்.

"அவரா? அவர் மேல போறார் சார். பாதி மாவு பாக்கி இருக்கு."