தோற்றம் மட்டும் போட்ட பேனர்

வேதமாணிக்கத்துக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. மகன் அபின் ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் ஓடப்போகிறான், ராயபுரத்துக்கும் எண்ணூருக்குமாக மாறிமாறி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றதும், வழியில் தண்டையார்பேட்டையிலிருக்கும் தன் அரிசிக்கடை வாசலில் பேனர் கட்டியே தீருவேன் என்று நின்றார்.

ஓட்டம் மகள் பெர்சிஸுக்காக. அவள் தொடையில் வந்திருப்பது லட்சத்தில் ஒருவருக்கு வரும் புற்று. அதற்கென்று தனி மருந்து இன்னும் இல்லை. ஓட்டத்தில் சேரும் பணமெல்லாம் அந்த ஆராய்ச்சிக்குப் போகிறது. நம்ம பிள்ளைக்கு ஒரு ரூபாய்கூட வராதா என்று வேதமாணிக்கம் முதலில் குதித்தார். பெர்சிஸ்தான் அடக்கினாள். எனக்குப் பின்னால் வருகிறவளுக்காவது மருந்து இருக்கட்டும் என்றாள்.

அப்படிச் சொன்னவள், இரண்டு கீமோவோடு போதும் என்று தன் வைத்தியத்தை நிறுத்திவிட்டாள். மூன்றாவது கீமோ வருகிற திங்கட்கிழமை. வருவாயா என்று கேட்டால், ஞாயிறு முடியட்டும் என்பாள். வீட்டில் எல்லார் உயிரும் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் மனிதர் பேனரே அடிக்கக் கொடுத்தார். நல்ல எண்ணம்தான். கூடவே மூக்குக்கண்ணாடியையும் எடுத்துப் போயிருக்கலாம்.

பேனர் கடை பென்னிக்கு வாரத்தில் ஆறு நாள் சாவு வேலை. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற பாதி முகங்கள் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். கை பழகிப்போய், பெர்சிஸின் படத்தைச் சுற்றியும் ரோஜாப்பூ வைத்தான். அப்பா பெருமையாகச் சொன்ன பிறந்த தேதியை 'தோற்றம்: 14.3.1999' என்று இடப்பக்கம் போட்டான். மறைவு வரவேண்டிய வலப்பக்கம் போட ஒன்றுமில்லை, விட்டுவிட்டான். 'பெர்சிஸுக்காக ஓடுவோம்' என்பது அடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

சனிக்கிழமை காலை பேனர் ஏறியது. ஒரு மணி நேரத்தில் எதிர்க்கடை உச்சிமாகாளி மாலையோடு கடைக்கு மேலிருந்த வேதமாணிக்கத்தின் மாடிவீட்டுக்குப் போய்விட்டார். கதவைத் திறந்தது பெர்சிஸ். பாவம், மனிதர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். ஆளுயர மாலை எங்கே ஒளியும்?

பெர்சிஸ் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பேனரை அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் வேதமாணிக்கமும் அதை ஒழுங்காக வாசித்தார். பெற்ற மகளை உயிரோடு சுவரில் ஏற்றிவிட்டோமே என்று கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"வுடுப்பா," என்றாள். அவள் கண் அந்த வெற்றிடத்திலேயே இருந்தது. "நாளைக்கு அபின் இந்த வழியாத்தான வருவான். பாக்கட்டும்."

ஞாயிறு காலை பேனருக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமையே ராயபுரத்தில் போய்த் தங்கிவிட்ட அபின், முந்தின சுற்றுகளில் தலையைக் குனிந்தபடி ஓடிப் போயிருந்தான். எண்ணூரிலிருந்து கடைசி முறையாக, ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பியவன், அப்போதுதான் பேனரை நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"இன்னாடா நின்னுகினுகீற? நான் உயிரோடதான் கீறேன். ஓடு."

ஓடினான். அவன் முதுகு மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, அப்பாவிடம் திரும்பினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேம்ப்பா. ஆனா இத கழட்டாத. நானே வந்து கழட்டுறேன்."

வேதமாணிக்கத்துக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. போன முறை கீமோவுக்குப் போனவள் திரும்பிவர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதில் நான்கு நாள் கண்ணே திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவளும் அம்மா சுகிர்தமும் ஆட்டோவில் போன சற்று நேரத்தில், விஷயம் கேள்விப்பட்ட பென்னி ஏணியோடு ஓடிவந்தான். மன்னிச்சிருங்கண்ணே, நானே கழட்டிடுறேன் என்று ஏணியைச் சாத்தினான்.

"ஏணியத் தூக்கிட்டுப் போ டே," என்றார் வேதமாணிக்கம். "எம்மவ வந்து கழட்டுவா."

அவன் போனபிறகு, கடல்காற்றில் தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டினார். இன்று கண்ணாடி போட்டிருந்தார். இடப்பக்கத்தை மட்டும் வாசித்தார். வலப்பக்கம் தலையைத் திருப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.