ஒன்றேகால் அடிச் சந்து

சண்டை போட்டுப் பிரிந்த வீடுகளில் ஒயரிங் வேலைக்குப் போகக் கூடாது என்று நான் எத்தனையோ தடவை முடிவு செய்திருக்கிறேன். சிவனம்மாள் அக்கா வந்து நின்றதும் முடிவு காற்றில் போனது. "போர்டுலருந்து பொகை வருது தம்பி. பத்திக்கிச்சுன்னா ஒத்தப் பொம்பள நான் என்ன செய்வேன்?" என்று கேட்கிறவரிடம் எப்படி முடியாது என்பது? இரும்புப் பெட்டியில் அமைந்த புதுப் போர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போனேன். தொண்ணூற்றெட்டு ஐப்பசி, விட்டு விட்டு மழை.

நாகல்நகரில் அது ஒரே வீடாக இருந்ததுதான். நாலு வருடம் முன்பு அண்ணனும் தம்பியும் நடுவே பிரித்துக்கொண்டார்கள். ஒரு சுவர் போதும். ஆனால் அண்ணன் சுவரில் தம்பி ஆணி அடிக்க மாட்டாராம். அண்ணன் பழைய கூடத்துச் சுவரையே தன் சுவராக உயர்த்திக்கொண்டார். தம்பி அதைத் தொடாமல் ஒன்றேகால் அடி தள்ளி இன்னொரு சுவரை எழுப்பினார். பீஸ் போர்டு இருந்த பக்கம் அந்த இடைவெளிக்குள் போய் மாட்டிக்கொண்டது. மேலே தகரம், பின்பக்கம் செங்கல் அடைப்பு, தெருப்பக்கம் ஒரு பலகைக் கதவு. மனுசன் நுழைகிற இடமா அது? பெருச்சாளி கூட யோசிக்கும்.

அண்ணன் மறு வருடமே மாரடைப்பில் போய்விட்டார். சண்டை போகவில்லை. அதை இரண்டு மருமகள்களும் எடுத்து நடத்தினார்கள். இந்தப் பக்கம் மூத்தவர் சிவனம்மாள், அந்தப் பக்கம் கொழுந்தன் மனைவி மூக்காயி. நேரடிப் பேச்சு கிடையாது, ஜாடைப் பேச்சு உண்டு. சிவனம்மாள் தன் ஆட்டைத் திட்டினால் அது மூக்காயிக்கு. மூக்காயி கோழியை விரட்டினால் அது சிவனம்மாளுக்கு. தெருவுக்கே அந்தக் கணக்கு தெரியும்.

நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தேன். முகம் சிவனம்மாள் சுவரைப் பார்க்க, முதுகு மூக்காயி சுவரை உரச, பத்தடி நகர்ந்தால் போர்டு. தேக்குப் பலகையில் பீங்கான் பீஸ் கட்டைகள், துணி சுற்றிய ஒயர்கள், பாதி கரிந்து கிடந்தன. மெயினை அணைத்துவிட்டு, பீஸ் கட்டை இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். இது என் பழக்கம். கட்டை என் பையில் இருக்கும்வரை வேறு யாரும் கரண்டைக் கொடுக்க முடியாது. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எதிலும் உயிர் இல்லை.

பலகையின் கடைசித் திருகைக் கழற்றியபோது சனியன் மொத்தமாகச் சரிந்தது. வலது கையையும் தொடையையும் சுவரோடு அழுத்திக்கொண்டு, வெளியே போகும் வழிக்குக் குறுக்கே குத்திட்டு நின்றுவிட்டது. அதன் இரும்புப் பட்டை என் பேண்டுக்குள் ஏறிக்கொண்டது. பலகைக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த ஒரு ஒயர் விடுபட்டு, நிமிர்ந்து, என் தொண்டைக்கு நாலு விரல் தள்ளி நின்றது. முனையில் டேப் மக்கிப்போய்ச் செம்பு தெரிந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த நேரம் முதுகுக்குப் பின்னால் டிவி பாட ஆரம்பித்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் மூக்காயி வீட்டில் கரண்ட் இல்லாமல் இருந்திருக்கிறது. அவர்களுக்குத் தனி இணைப்பு, வேறு லைன். இப்போதுதான் வந்திருக்கிறது. அப்படியென்றால் இந்த ஒயர்? இடது கையில் இருந்த டெஸ்டரால் மெதுவாகத் தொட்டேன். சிவப்பாக எரிந்தது.

யாரையும் குறை சொல்ல வழியில்லை. அந்த முனைக்கு டேப் சுற்றியது நான்தான். வீடு பிரிந்தபோது, பழைய போர்டிலிருந்து அந்தப் பாதிக்குப் போன ஒயரைக் கழற்றிச் சுற்றிப் பலகைக்குப் பின்னால் திணித்தேன். மறுமுனை மூக்காயி வீட்டு ஒயரிங்கோடு சேர்ந்தே இருந்தது. அதை வெட்டப் போனால், "நீ அவ ஆளு, உள்ள வராத" என்று வாசலிலேயே மறித்துவிட்டார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவன் அடியோடு மறந்துபோனேன். இரண்டு பீஸ் கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி நின்றேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பலகையைத் தூக்க வேண்டுமானால் முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் தொண்டையில் ஒயர். பின்னால் சாய இடமே இல்லை. மழைநீர் தகரத்தின் ஓட்டை வழியாகச் சுவரில் வழிந்து என் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. தொடை மரத்துப்போய் நடுங்க ஆரம்பித்தது. எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மாதாவே என்று கூட வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.

"அக்கா!" என்றேன், தொண்டை அசையாமல். "மூக்காயி அக்கா வீட்டு மெயின அணைக்கச் சொல்லுங்க. இங்க கரண்டு இருக்கு. நான் மாட்டிக்கிட்டேன்."

சந்து வாயில் நின்ற சிவனம்மாளின் முகம் வெளுத்தது. ஆனால் நகரவில்லை. "நான் அவகூடப் பேசுறதில்லையே தம்பி."

"உசுரு போகுதுக்கா!"

"என் மகன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன். அவகூடப் பேச மாட்டேன், அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்னு. அவன் காய் லோடு ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரத்துலருந்து கேரளா போயிட்டிருக்கான். மழையில, மலைப் பாதையில. நான் எப்படிப் பேச?"

அன்புமணி அவருக்கு ஒரே பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே!

சிவனம்மாள் வேறு ஆள் தேடி ஓடினார். கொழுந்தன் வேலைக்குப் போயிருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்கள். முக்குக் கடை நூர் முகமது கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தார். கட்டிக் கிடந்த ஆட்டைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ மூதேவி! இங்க ஒரு ஆளு உசுருக்குப் போராடுறான். அந்த மெயின அணைச்சாத்தான் என்ன?"

மூக்காயி வாசலுக்கு வந்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. அவர் கோழியிடம் பேசினார். "போ அங்கிட்டு! எனக்குக் கரண்டு வந்தா சில பேருக்கு வயிறு எரியுது. நான் டிவி பாத்தா இவுகளுக்கு என்னவாம்?"

"மூக்காயி அக்கா! பிராங்க்ளின் பேசுறேன்! நெசமாத்தான்!" என்று நானும் கத்தினேன்.

"இப்பக் கூலிக்கு ஆள் பிடிச்சு வேற கத்த விடுறாளுக." டிவி சத்தம் இன்னும் கூடியது.

நாலு வருடமாக ஆட்டிடமும் கோழியிடமும் பேசிய பேச்சு எதற்கு ஆகும்? உண்மையைச் சொன்னாலும் அந்த வாசலில் அது ஏச்சாகவே போய் விழுந்தது. என் தொடை தானாக ஆடியது. பலகை ஒரு விரல் கீழிறங்கி என்னை முன்னால் இழுத்தது. ஒயர் முனை தாடி மயிரைத் தொடுகிற தூரத்தில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, என் வீட்டுல சொல்லிருங்க" என்றேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. சிவனம்மாளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"மூக்காயி! அடியே மூக்காயி! நான்டி கூப்பிடுறேன், உன் அக்கா! மெயின அமத்துடி, அவன் சாகப் போறான்!"

டிவி பாட்டின் நடுவே நின்றுபோனது. டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

பலகையைத் தள்ளிவிட்டுச் சந்திலிருந்து வெளியே வந்து தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூக்காயி சொம்புத் தண்ணீரோடு தன் வாசலில் நின்றார். "எனக்குத் தெரியாதுய்யா, சத்தியமாத் தெரியாது" என்றார். அன்று என்னை உள்ளே விட்டார். அந்த ஒயரின் மறுமுனையைத் தேடிப் பிடித்து வெட்டினேன். பூப்போட்ட துணி மூடிய டெலிபோனுக்கு மேலேதான் அது சுவருக்குள் ஓடியிருந்தது.

வேலை முடிந்தது என்று கிளம்ப முடிந்ததா? சிவனம்மாள் தன் படியில் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "ஆறு மணிக்கு முக்குக் கடைக்கு போன் போடுவான்" என்று மட்டும் சொன்னார். சத்தியமாவது ஒன்றாவது, அதெல்லாம் பலிக்காது அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பணயம் வைத்தது எனக்காக. சந்துக்குள் நின்றதைவிட அந்தப் படிக்குப் பக்கத்தில் நிற்பது கஷ்டமாக இருந்தது. புதுப் பெட்டியை அவர் வீட்டு முன் அறையிலேயே மாட்டினேன். ஒரு மணி நேர வேலையை மூன்று மணி நேரம் செய்தேன்.

ஆறு ஆனது. ஆறரை ஆனது. கடைக்கு ஓடிப்போய்க் கேட்டேன். "மழைக்கு லைன் செத்துக் கெடக்கு தம்பி, மூணு மணிலருந்து" என்றார் நூர் முகமது. அதைத் திரும்பி வந்து சொன்னேன். சிவனம்மாளின் உதடு ஏதோ சாமி பேரை முணுமுணுத்தது. அன்புமணிக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் இந்தத் தெருப் பக்கம் தலைகாட்ட முடியுமா? இருட்டத் தொடங்கியது.

அடுத்த வீட்டில் டெலிபோன் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் மூக்காயி வாசலுக்கு ஓடி வந்தார். இந்தத் தடவை கோழியைத் தேடவில்லை.

"அக்கா, வாங்க. அன்புமணி பேசுறான். நல்லாருக்கான். கடை லைன் கெடைக்கலையாம்."

சிவனம்மாள் எழுந்தார். நிம்மதி முகத்தில் வந்த வேகத்திலேயே நின்றுபோனது. "உன் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

மூக்காயி தலையைக் குனிந்துகொண்டார். "வாரத்துக்கு ஒருக்கா பேசுவான்க்கா. சாப்டியா சித்தின்னு கேப்பான். நாலு வருசமா. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவன் தலையிலயே அடிச்சுச் சத்தியம் வாங்கிருந்தான். இன்னைக்கு நானும் முறிச்சிட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே தலை, அதன்மேல் இரண்டு சத்தியம், இரண்டும் ஒரே நாளில் போச்சு. போனில் அந்தத் தலை உயிரோடு காத்துக்கொண்டிருந்தது.

சிவனம்மாள் மூக்காயி வீட்டுப் படிவரை போனார். அங்கே நின்றார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியை மிதித்து உள்ளே போனார். நான் தெருவில் நனைந்துகொண்டு நின்றேன். பத்திரமா இருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்ததும் வீடே அதிரக் கத்தினார்.

"ஏலே, நாலு வருசமா இவகிட்ட அப்படி என்னடா பேசின?"