இரண்டு விரல் இடைவெளி

ஒனியாஸ் மிஷோவின் ரம்பக் கடையில் மரம் வெட்டும் வேலைக்கு ஹெல்மெட் வாங்க வருபவர் அதை மாட்டிக்கொண்டு பின்முற்றத்தில் விறகு அடுக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு வாங்கிப் போக அவர் விடுவதில்லை. கடைக்குள் எல்லா ஹெல்மெட்டும் சுகமாகத்தான் இருக்கும், குனிந்து நிமிர்ந்து வேர்த்த பிறகுதான் எது எங்கே கடிக்கிறது என்று தெரியும் என்பது அவர் கட்சி. அவருடைய குளிர்கால விறகெல்லாம் இப்படி ஓசியில் அடுக்கப்பட்டுவிடுகிறது என்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து இந்த வடகோடியில் எல்லோரும் கேலி செய்வோம்.

நவம்பரில் ஒரு காலை மரம் வெட்டும் ஃபெர்னான் வந்தான். வண்டியை ஓட்டி வந்தது அவன் மனைவி லுசெட். மார்ச் மாதம் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது, உச்சியில் சிக்கியிருந்த பட்ட கிளை ஒன்று அவன் தலையில் இறங்கியது. ஹெல்மெட் பிளந்தது. இடது காதுக்கு மேலே மண்டையும் பிளந்தது. அந்த இடத்தில் இப்போது உலோகத் தகடு. எது அங்கே அழுத்தினாலும் வலி கண்ணுக்குள் போய் நின்றுகொள்ளும்.

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றுவிட்டார். காண்ட்ராக்டர் ஜீலும் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார், ஆனால் சாயங்காலம் வரை ஹெல்மெட் தலையைவிட்டு இறங்கக் கூடாது, முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். இத்தனை மாதமும் ஃபெர்னான் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லுசெட் மரங்களைவிட அந்த நாற்காலிக்குத்தான் அதிகம் பயந்தாள்.

"மண்டையில ஒண்ணும் இல்லாதப்பவே உனக்குத் தொப்பி அமையாது. இப்ப இரும்பு வேற," என்றார் ஒனியாஸ்.

"உங்க கடைச் சரக்கவிட அது உசத்தி."

ஒனியாஸ் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, ஓட்டுக்கும் உள்ளே இருந்த வார்களுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுக் காட்டினார். "இந்தச் சந்து இருக்கே, இதான்டா ஹெல்மெட்டு. அடிய வாருதான் வாங்கணும், மண்டை வாங்கக் கூடாது. மத்ததெல்லாம் பெயின்ட்டு."

"முப்பது வருஷமா இதையேதான் சொல்றீங்க."

முதல் ஹெல்மெட்டின் காது மூடி தகட்டின் விளிம்பில் பட்டது. மரத்தில் ஏறிக் கிளை வெட்டுபவர்கள் போடும் இரண்டாவதில், பின்னால் இறுக்கும் திருகைச் சுற்றியதுமே ஃபெர்னானின் முகம் வெளுத்தது. இரண்டையும் கழற்றியபோது தழும்பின் மேல் சிவப்பாக ஒரு கோடு. மூன்றாவதை வாங்கிக்கொண்டு, "நீ உள்ளயே இரு, குளுருது," என்று லுசெட்டிடம் சொல்லிவிட்டு அவன் தனியாகப் பின்முற்றத்துக்குப் போனான்.

சற்று நேரத்தில் பின்முற்றத்திலிருந்து சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. லுசெட் காப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள். விறகு இடுப்புயரம் ஏறியிருந்தது. அவன் வேர்வையைத் துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினான். தழும்பின் மேல் கோடே இல்லை.

"வலிக்கலையா?"

"துளிகூட இல்ல."

சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இடது பக்கத்து வார்களில் இரண்டின் முனைகள் ஓட்டிலிருந்து பிடுங்கப்பட்டுத் தொங்கின. அந்தச் சந்தில் ஒரு கம்பளிக் காலுறை மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. அவள் குனிந்து அவன் பூட்ஸைப் பார்த்தாள். ஒரு காலில் உறை இல்லை.

"சத்தம் போடாத," என்றான். "ரெண்டே ரெண்டு க்ளிப்புதான். மத்ததெல்லாம் மாட்டித்தான் இருக்கு."

"அடிபட்ட பக்கத்துல, ஃபெர்னான்."

"அதே எடத்துல மறுபடியும் விழுமா?"

"மரத்துக்கு அது தெரியுமா?"

ஒனியாஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்னடா, கடிக்குதா?"

"இல்ல. இதையே எடுத்துக்கறேன்," என்றான் ஃபெர்னான். பார்வை லுசெட்டின் மேலேயே இருந்தது.

அவள் ஹெல்மெட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள். நாற்காலி ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தால் திங்கட்கிழமை அது காலியாக இருக்கும். பிறகு காலுறையை உருவி எடுத்தாள். தொங்கிய முனைகளைக் கட்டைவிரலால் அழுத்தி ஓட்டில் பொருத்தினாள். ஒவ்வொன்றும் சொடுக்கென்று உட்கார்ந்தது.

"போடு."

போட்டான். குனிந்து ஒரு கை விறகு அள்ளினான், வைத்தான். இன்னொரு கை அள்ளினான். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மூன்றாவது தடவை குனியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி விறகின் மேல் வைத்தான்.

ஒனியாஸ் லுசெட்டின் கையிலிருந்த காலுறையைப் பார்த்தார். "வேற மாடல் ஒண்ணு வரவழைக்கலாம். கொஞ்ச நாள் ஆகும்..."

"திங்கட்கிழமைக்குள்ள வராதுல்ல. வேண்டாம், விடுங்க," என்றான் ஃபெர்னான்.

மீதி விறகையும் அவன் வெறுந்தலையோடு அடுக்கி முடித்தான். அதற்கு ஹெல்மெட் தேவையில்லை. யாரும் போதும் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் முன்னால் ஜீலின் லாரி ஒன்று ஸ்ப்ரூஸ் தடிகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. கடைசித் தடியின் நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி படபடத்தது.

"கண்டுக்காம இருந்திருக்கலாம்ல நீ."

"இருந்திருக்கலாம்."

எதிரே பாதை காலியாகத்தான் இருந்தது. லுசெட் லாரியை முந்தவில்லை; வீட்டில் அந்த நாற்காலிதான் காத்திருந்தது. வீட்டுத் திருப்பம் வரும்வரை அதன் பின்னாலேயே போனாள்.