முப்பது மூச்சு

டிரில் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிவிட்டது. அவர் முதுகெலும்புதான் இன்னும் ஓய்வு பெறவில்லை. டாக்டர் அறையிலும் சாயாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

மகளுக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் வந்து இரண்டு வருடம். இப்போது புதிதாக ஒரு தொல்லை. நாளுக்குப் பத்துத் தடவை வலது கை தானாக முறுக்கிக்கொள்ளும். அரை நிமிடத்தில் விட்டுவிடும். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மூன்று பாட்டில் நழுவி உடைந்தன. "நடிக்கிறே" என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்று சான்றிதழ் கொண்டுபோகாவிட்டால் வேலை போய்விடும். மாஸ்டருக்கு வேலையைவிட அந்தச் சொல்தான் நெஞ்சில் தைத்தது. அவர் வம்சத்தில் பொய் சொன்னவர் கிடையாது.

ஆனால் பாழாய்ப்போன கை, வந்ததிலிருந்து சாதுவாக அவள் மடியில் கிடந்தது.

"கண்ணால பார்க்காம எப்படிம்மா எழுதறது?" என்றார் டாக்டரம்மா.

"கூப்பிட்டா வர்றதுக்கு அது என்ன நாய்க்குட்டியா டாக்டர்? வீட்டுல அப்பா பக்கத்துல இருந்தா மட்டும் தவறாம வரும்."

"வாய் மட்டும் முறுக்கிக்கவே மாட்டேங்குது," என்று முறைத்தார் மாஸ்டர்.

"வந்தா என்ன செய்வீங்க சார்?"

"வரவே விடமாட்டேன். வேகமா, ஆழமா முப்பது மூச்சு. மூணு வேளையும் நானே எண்ணுவேன். கடையில இருந்தா போன்ல எண்ணுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப எண்ணுங்க."

மாஸ்டர் எழுந்து நின்று எண்ணினார். இருபத்திரண்டில் மகளின் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்தது. மணிக்கட்டு வளைந்தது. அவள் பல்லைக் கடித்தாள்.

"இருபத்தி மூணு..."

"போதும் சார், நிறுத்துங்க! இந்த நோய்ல வேகமா மூச்சு விட்டாலே இது கிளம்பும். நடிப்பே இல்ல. மாத்திரை தர்றேன், அடங்கும்."

சான்றிதழ் கிடைத்தது. அதை முதலாளி முகத்தில் விட்டெறிவதாக இருந்த மாஸ்டர், தெருவில் நான்கு எட்டு வைத்து நின்றார். மறுபடி நடந்தார். மறுபடி நின்றார்.

"மூணு பாட்டிலும் நான் போன்ல எண்ணினப்ப விழுந்ததா?"

"ஆமாப்பா."

"ஏன் சொல்லலை?"

"நீங்க செய்யறது தப்புன்னு நம்ம வீட்டுல யாரு, என்னைக்கு சொல்லியிருக்கா?"

அவர் முதுகு இம்மியும் வளையவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

"நட. முதலாளிகிட்ட நானே பேசறேன்."

"என்னன்னு?"

"உடைச்சது நான்னு."