நாள் தள்ளும் மாத்திரை

காப்புக் கயிற்றின் முடிச்சு தண்ணீரில் ஊறி இறுகிவிட்டது. சுகன்யா பல்லால் கடித்துப் பார்த்தாள். அக்கா ஜோதிமணியின் மணிக்கட்டு உதட்டில் சில்லென்று பட்டது.

"பிளேடு வச்சு அறு. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுன ஊரு. பொழுது சாயுமுன்ன பொணத்த எடுத்தாகணும்," என்றாள் செத்தவளின் நாத்தனார் பேச்சாயி. "தீச்சட்டி எடுக்குறேன்னு நேந்துட்டு, சாவுறதுக்கு நாள் பாத்தா பாரு."

குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி கரைத்த சீயக்காயையே கரைத்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாவுக்குள் தீட்டு வரக் கூடாதென்று மூன்று வாரமாக மாத்திரை விழுங்கினாள் ஜோதிமணி. வாங்கிக் கொடுத்தது பேச்சாயி. முந்தாநாள் கோயில் வாசலில் இடது கையிலிருந்து பூத்தட்டு விழுந்தது. வாய் கோணியது. நாக்குக் குழறியது. சாமி வந்துவிட்டதென்று முதல் குலவை போட்டதும் பேச்சாயிதான். திருநீறு அடித்து, கையில் வேப்பிலையைத் திணித்து, வெயில் சாயும்வரை உட்காரவைத்திருந்தார்கள்.

இருட்டிய பிறகுதான் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நேற்று ராத்திரி உயிர் போனதும் டாக்டரம்மா சுகன்யாவைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க அம்மாவும் இப்பிடித்தான் போனாங்களா?"

"ஆமா. சின்ன வயசுலயே."

"கையில பிடி விட்டப்பவே உங்க அக்கா மூளையில ரத்தம் கட்டியிருச்சு. இப்பிடி ரத்தம் கட்டியாகுற குறை உங்க குடும்பத்துலயே இருக்கும்போல. டெஸ்ட் எடுக்கணும். அதுவரைக்கும் இந்த ஹார்மோன் மாத்திரைய நீங்க தொடக் கூடாது. அவங்க மகளுந்தான்."

சுகன்யா வீட்டில் வந்து சொன்னாள். "ஊரே போடுது. எவ செத்தா?" என்றான் அக்கா புருசன் நல்லுசாமி, பந்தல்காரனுக்கு வழிவிட்டபடி.

கயிறு அறுந்தது. கீர்த்தனா வந்து அம்மாவின் தலைமாட்டில் நின்றாள். பதினான்கு வயது. உதட்டோரம் ஈரம்.

"என்னடி குடிச்ச?"

"அத்தை மாத்திரை குடுத்துச்சு, சித்தி."

"நாளைக்குச் சாம்பல்ல பால் தெளிக்க மக நிக்கணும்ல," என்றாள் பேச்சாயி. "அவளுக்கு நாள் நெருங்குது. கருமாதி வரைக்கும் போடட்டும்." இடுப்பில் செருகிய அட்டையைத் தட்டிக் காட்டினாள். "ஒங்கக்கா மிச்சம் வச்சதுதான். எதுக்கு வீணாக்கணும்?"

"மதினி, அதைக் குடுங்க." சுகன்யா அவள் இடுப்பில் கைவைத்தாள்.

பேச்சாயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "பொணம் கெடக்குற வீட்டுல மானத்த வாங்காத. அவ எங்க வீட்டுப் பிள்ள."

காப்புக் கட்டிய ஊர் என்பதால் கொட்டு இல்லை. சத்தமில்லாமல் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரை போனார்கள். சுகன்யா கீர்த்தனாவின் இடது கையைப் பிடித்திருந்தாள்.

"கைய இறுக்கு."

"எதுக்கு சித்தி?"

"இறுக்குடி."

இறுக்கினாள். கொஞ்ச தூரம் போனதும் சுகன்யா மறுபடி சொன்னாள். மறுபடியும்.

"ஒனக்கு வலிக்கலயா சித்தி?"

"இன்னும் இறுக்கு."