நாற்பத்தெட்டு வகுப்பும் வராதவள்

கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைச் சிங்காரவேலு மூன்று முறை படித்தார். அவருடைய மகள் பாரதிப்ரியா, பி.காம். இரண்டாம் ஆண்டு, மைக்ரோ பொருளியலுக்கு இதுவரை நடந்த நாற்பத்தெட்டு வகுப்புகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை என்று அதில் இருந்தது. பெற்றோர் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் துறைத்தலைவரை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

பூவத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டிய மீனவக் குப்பம் அவருடையது. ஊர்ப் பஞ்சாயத்தின் ஒன்பது பேரில் அவர் முதல் ஆள். அவருக்கு முன் அவருடைய தகப்பனார் அந்த இடத்தில் இருந்தார், அவருக்கும் முன் பாட்டனார் இருந்தார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் தினமும் காலை எட்டு மணி பஸ்ஸில் புத்தகப் பையோடு ஏறிப் போகிறாள், ஆனால் வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் எங்கே போகிறாள்? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே அவருக்குக் கூசியது. கேட்டு, அவள் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அதன்பின் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கல்யாணசுந்தரி என்னவென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மகள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், அவர் பின்னால் நின்றுகொண்டே வந்தார். காரைக்காலில் இறங்கி நடக்கும்போது அவள் ஒரே ஒரு தரம் வாய் திறந்தாள்.

"நான் ஒருநாள் விடாம கிளாசுக்குப் போயிருக்கேம்ப்பா."

அவர் நடையை எட்டிப்போட்டார்.

துறைத்தலைவர் மஹ்பூபா மேடம் ஐம்பது வயதுக்காரர், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே பேசுகிறவர். அவர் நிலைமையைச் சுற்றிவளைக்காமல் விளக்கினார். பி.காம். பிள்ளைகள் பொருளியலில் மைக்ரோ, மேக்ரோ என்ற இரண்டு பாடங்களில் ஏதாவது ஒன்றை எடுத்துத் தேறவேண்டும். பாரதிப்ரியா முதல் வருஷம் மேக்ரோ எடுத்து இரண்டு முறை தவறிவிட்டாள். மூன்றாவது முறையும் தவறினால் மாற்றுச்சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்த வருஷம் மைக்ரோவுக்கு மாறினாள். இப்போது அதில் வருகைப்பதிவு சுத்தமாக இல்லை, தேர்வு எழுத விடமாட்டார்கள். மேக்ரோவுக்கே திரும்பிப் போவதென்றால் இன்று நான்கு மணிக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். அங்கே வருகையைப் புதிதாகக் கணக்கிடுவார்கள்.

முதல் வருஷம் அவளை மேக்ரோ எடுக்கச் சொன்னது சிங்காரவேலுதான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று அவர் கேட்டபோது, மேக்ரோ என்றால் நாடு முழுவதற்குமான கணக்கு, மைக்ரோ என்றால் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு சந்தையின் கணக்கு என்று மகள் சொன்னாள். நம் வீட்டுப் பெண் பெரியதைத்தான் படிக்கவேண்டும், கடைக் கணக்குப் படிக்கக் காரைக்கால் வரை போகவேண்டாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மீன் ஏலக்கூடத்தில் நாலு பேரிடமும் சொல்லிவைத்தார். அவளுக்கு அது ஏறவே இல்லை. தேசிய வருமானத்தை அவள் இராப்பகலாக உருப்போட்டாள். அப்படி ஒன்று எங்கே இருக்கிறது, யார் கையால் தொட்டுப் பார்த்தார்கள் என்பது கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஆனா எனக்குப் புரியாத ஒண்ணு இருக்குங்க ஐயா," என்றார் மஹ்பூபா மேடம். அவர் ஒரு விடைத்தாளை மேசைமேல் வைத்தார். மைக்ரோ உள்தேர்வு, இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. வகுப்பிலேயே அதுதான் அதிகம். மத்தி ஏராளமாக விழுந்த நாளில் ஏலத்தில் விலை எப்படி இறங்கும், காற்றடித்துப் படகு போகாத நாளில் எப்படி ஏறும் என்று அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். வகுப்பையே எட்டிப்பார்க்காத பெண் இதை எங்கே படித்தாள் என்று கேட்டுவிட்டு, அவர் அந்தப் பாடம் நடத்துகிறவரை அழைத்துவர ஆள் அனுப்பினார்.

உள்ளே வந்தவனைப் பார்த்ததும் சிங்காரவேலு தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். மரியாதைக்காக அல்ல, வெளியே போவதற்காக. வந்தவன் கவியரசன்.

கவியரசன் அதே குப்பத்துக்காரன், ஊரில் முதன்முதலாக எம்.ஏ. படித்தவன். சுனாமிக்கு அடுத்த வருஷம் நிவாரணப் படகுக்குப் பஞ்சாயத்து ஒரு பட்டியல் போட்டது. அதில் குஞ்சம்மா என்ற விதவையின் பெயர் விட்டுப்போயிற்று. அவன் பஞ்சாயத்தில் வந்து சொல்லவில்லை, நேரே கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தான். பெயர் விட்டுப்போனது உண்மைதான், சிங்காரவேலுவே பின்னால் அதைச் சேர்த்தார். ஆனால் ஊர் விவகாரத்தை ஊரைத் தாண்டி ஆபீசுக்குக் கொண்டுபோவது அந்தக் கரையில் எந்தக் காலத்திலும் கிடையாது. இன்று ஒருவன் போனால் நாளை ஒன்பது பேர் போவார்கள், அப்புறம் ஊர் என்று ஒன்று நிற்காது. ஆகவே கவியரசன் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மீறிப் பேசியவர் சபையில் விழுந்து கும்பிட வேண்டும், மீண்டும் மீறினால் அந்த வீட்டுக்கும் அதே கட்டுப்பாடு. அந்த வாசகத்தைச் சொல்லிச் சொல்லி ஊர் நோட்டில் எழுதவைத்தவர் சிங்காரவேலு.

இந்த ஜூன் மாதம் கவியரசன் அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தது அவருக்குத் தெரியாது.

"இந்தப் பொண்ணு கிளாசுக்கு வந்துச்சா, வரலையா?" என்று மஹ்பூபா மேடம் கேட்டார்.

"தினமும் வந்தாங்க மேடம். மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்."

"அப்புறம் ஏன் ஆப்சென்ட் போட்டீங்க?"

"பேர் கூப்பிட்டா பதில் சொல்லணும். சொல்லாதவங்க வரலைன்னுதான் போடணும், அது காலேஜ் சட்டம். அவங்க ஊர்ல ஒரு சட்டம் இருக்குற மாதிரி."

சிங்காரவேலுவுக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பத்தெட்டு நாளும் இவன் பெயரைக் கூப்பிட்டிருக்கிறான். நாற்பத்தெட்டு நாளும் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து 'எஸ் சார்' என்றால் அது பேச்சு, அந்த வீட்டு ஆளோடு பேசியதாக ஆகும். அந்த வகுப்பில் குப்பத்து ஆள் வேறு ஒருவருமில்லை. அவள் பேசியிருந்தால் ஒரு காக்கைக்கும் தெரிந்திருக்காது.

அவர் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. தன் மகள், தன் சொல்லை யாரும் பார்க்காத இடத்திலும் காத்தவள். அடுத்த கணமே அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. இரண்டு நாளாக இந்தப் பெண்ணைப் பற்றி அவர் என்னவெல்லாம் நினைத்திருந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் மகளிடம்.

"சொன்னா படிப்பை நிறுத்திடுவீங்க," என்றாள் அவள்.

நிறுத்தியிருப்பார்தான்.

மஹ்பூபா மேடம் ஒரு வழி சொன்னார். தினமும் வந்தாள் என்று ஆசிரியர் தன் கைப்பட எழுதிக்கொடுத்தால் முதல்வரிடம் பேசி மைக்ரோவிலேயே வைத்துக்கொள்ளலாம். எழுதித் தரும்படி பெற்றோர் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்றார்.

சிங்காரவேலு சுவரைப் பார்த்துக்கொண்டு, "எழுதித் தருவாங்களான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா," என்றார். கட்டுப்பாடு உள்ள வீட்டோடு தவிர்க்க முடியாத காரியம் வந்தால் மூன்றாம் ஆள் வழியாகச் சொல்வது ஊர் வழக்கம். அதில் தவறில்லை.

"இதோ நிக்கிறாரே, நீங்களே கேளுங்களேன்."

"நீங்க கேளுங்கம்மா."

மஹ்பூபா மேடம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். இருபது வருஷமாகப் பாடம் நடத்தியும் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை போலும். முதல்வர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னதும், நான் திரும்பி வருவதற்குள் மைக்ரோவா மேக்ரோவா என்று முடிவுசெய்து படிவத்தில் எழுதிவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது மூன்று நாற்பது.

அறையில் மூன்று பேரும் ஒரே ஊர்க்காரர்கள்.

கவியரசன்தான் பேசினான். அவன் யாரையும் பார்க்காமல் பேசினான்.

"போன வருஷம் எங்கப்பா செத்தப்ப, பாடையத் தூக்க நாலு பேர் வேணும்னு உங்க வாசல்ல வந்து நின்னேன். மூணு தடவை கூப்பிட்டேன், சித்தப்பான்னு. நீங்க உள்ளதான் இருந்தீங்க."

சிங்காரவேலுவுக்கு அது நினைவிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றபடி அவர் அந்தக் குரலைக் கேட்டிருந்தார். கடைசியில் வெளியூரிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்துவந்து அந்த மனிதரை எடுத்தார்கள். அன்று வாயைத் திறக்காமல் இருந்தது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊருக்கு ஒரு சட்டம் போட்டவன் தனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொள்ளக்கூடாது.

இதற்குள் பாரதிப்ரியா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். மேக்ரோ என்று எழுதியிருந்தாள். எழுத்து கோணலாக இருந்தது.

"தேறிடுவியாம்மா?"

"மாட்டேம்ப்பா." அவள் பேனாவை அவரிடம் நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க. நேரமாகுது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் அதட்டியிருப்பார், அதட்டலில் காரியம் முடிந்திருக்கும். அவள் தன் படிப்பை மடித்து அவர் கையில் வைத்துவிட்டு, அதற்காக அவரைக் குறைகூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று தலைமுறையாக நிமிர்ந்து நின்ற வீடு, பத்தொன்பது வயதுப் பெண்ணின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டு.

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கவியரசன் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"தம்பி, எழுதிக் குடுப்பா."

தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. மகள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

கவியரசனின் முகம் வெற்றி பெற்றவனுடையதாக இல்லை. அவன் உட்கார்ந்து நான்கு வரி எழுதினான். கையெழுத்துப் போட்டு, படிவத்தில் மேக்ரோவை அடித்து மைக்ரோ என்று தானே எழுதினான்.

"திங்கக்கிழமையிலேருந்து அவங்க பதில் சொல்லணும். இன்னொரு தடவை இப்படி எழுதித் தர என்னால முடியாது," என்றான்.

"சொல்லும்," என்றார் சிங்காரவேலு.

மறுநாள் காலை ஏலம் முடிந்து ஊர் கூடியது. சபையை அழைக்கச் சொன்னவர் சிங்காரவேலுதான். அவர் தன் இடத்தில் உட்காராமல் எதிரே, குற்றம் சொல்லப்பட்டவர்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கவியரசனோடு பேசினேன், நானாக வலியப் பேசினேன், பெண்ணின் படிப்புக்காகப் பேசினேன், திங்கட்கிழமையிலிருந்து அவன் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் அவளும் பதில் சொல்லவேண்டுமாம் என்று சொல்லிவிட்டு, அறுபத்து மூன்று வயதில் அந்த மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். எழுந்திருங்க, போதும் என்றார்கள். பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பஞ்சாயத்தில் அடுத்த ஆள் மணிவேல், அவருடைய சொந்த மைத்துனர். அவரும் வளைந்துகொடுக்காத ஆள்.

"மச்சான், நேத்துப் பேசினதுக்கு இது சரியாப் போச்சு. திங்கக்கிழமை பாப்பா பதில் சொல்லுமா?"

கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்க அவருக்கு ஒரு வாய் போதும். ஒன்பது பேரில் ஆறு பேர் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் ஊராரின் பிள்ளைகளுக்காக எடுக்காத கட்டுப்பாட்டைத் தன் பிள்ளைக்காக எடுக்கச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. கேட்டால் அந்த நிமிஷமே அது கட்டுப்பாடும் இல்லை, அவர் சிங்காரவேலுவும் இல்லை.

"சொல்லும்," என்றார். "வருஷம் முடியற வரைக்கும் தினமும் சொல்லும்."

"அப்ப என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க."

"நோட்டுல இருக்கு. படி."

மணிவேல் நோட்டைத் திறந்தார். பக்கத்தைத் தேட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. 'மீண்டும் மீறினால் அந்த வீட்டுக்கும் அதே கட்டுப்பாடு' என்ற இடத்தில் இரண்டு தரம் நிறுத்திப் படித்தார். சிங்காரவேலு கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரி வரை நின்று கேட்டார். பிறகு வீட்டுக்கு நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்றார்கள், அவரும் யாரையும் கூப்பிடவில்லை.