மறுப்பதற்கு ஒருவர் போதும்

கிரிஜா வெண்ணெய்க் கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டு நின்றபோது, கூட்டத்தின் எழுத்தரான அடெல்ஹைட் அம்மா குசினிக்குள் வந்து ஒரு தாளை நீட்டினார்.

"குடும்பத்தில் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டும். பிறகுதான் கூட்டத்தில் வாசிப்பேன்" என்றார். கழுத்தில் கயிற்றோடு தொங்கிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் எழுதியதைத் தானே இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார். அது இல்லாவிட்டால் அவருக்குத் தன் கையெழுத்தே தெரியாது.

கிரிஜா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த மாமாவைப் பற்றிய நினைவுக் குறிப்பு, பத்தே வரி. ஹின்ரிக், பள்ளி ஆசிரியர். கலியாணம் கட்டாதவர். அகதியாகத் தனியே ஜெர்மனிக்கு வந்திறங்கிய பதினைந்து வயது நித்தியானந்தனை 1984இல் வீட்டுக்குக் கூட்டிவந்து மகனாக வளர்த்தவர். அந்த நித்திதான் கிரிஜாவின் புருசன். எல்லாம் சரிதான். ஏழாவது வரியில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'இருண்ட காலத்திலும் எங்கள் கூட்டத்தின் கதவு எவருக்கும் மூடப்பட்டதில்லை. அதைத் திறந்து வைத்திருந்தவர்களில் ஹின்ரிக்கும் ஒருவர்.'

"நன்றாக வந்திருக்கிறது, இல்லையா?" என்று கேட்டார் அடெல்ஹைட் அம்மா. கிரிஜா தலையை எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நான்கு நாட்களுக்கு முன், பிற்பகல் மூன்று மணி இருக்கும். மாமா மேசை லாச்சியைக் காட்டி நீல அட்டைக் குறிப்பேடு ஒன்றை எடுக்கச் சொன்னார். பழைய கூட்டக் குறிப்பேடு. 1936ஆம் ஆண்டு ஒக்டோபர்ப் பக்கத்தில் ஆப்பிள் இலை ஒன்று காய்ந்து கிடந்தது. எழுத்து அந்தக் காலத்துக் கோணல் எழுத்து, அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாமா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். செலிக்மன் என்றொரு யூதக் குடும்பம், தாய், தகப்பன், ஒரு மகள், ஞாயிறு தவறாமல் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார்களாம். கூட்டத்தின் பாதுகாப்புக் கருதி இனிமேல் வரவேண்டாம் என்று முடிவாகியதாம். கடிதத்தைக் கொண்டுபோகச் சைக்கிள் வைத்திருந்தவன் ஹின்ரிக் மட்டும்தான். அப்போது வயது பத்தொன்பது.

"மழையில் நனைந்து போனேன். திருமதி செலிக்மன் என் கோட்டை வாங்கி அடுப்பருகில் காயப்போட்டார். கோப்பி தந்தார். கடிதத்தைப் பிரிக்காமல் நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். நான் முழுவதையும் குடித்தேன், கிரிஜா."

ஐந்து வருடம் கழித்து அந்த மூன்று பேரையும் கிழக்கே போன ரயிலில் ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"என்னை நல்லவன் என்று எழுதப்போகிறார்கள். விட்டுவிடாதே" என்றார் மாமா. இருட்டுவதற்கு முன் போய்விட்டார். கிரிஜாவுக்கு அழுகை வரவில்லை.

இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குவேக்கர்கள் என்றால் பாதிரி இல்லை, பூசை இல்லை, பாட்டும் இல்லை. வட்டமாகக் கதிரை போட்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். 'இதென்னடி செத்தவீடு, ஒரு ஒப்பாரிகூட இல்லையோ?' என்று டோர்ட்மண்டிலிருந்து யோகம் அக்கா தொலைபேசியில் வாயைப் பிளந்தது சும்மா இல்லை. முடிவெடுக்கும்போதும் கையை உயர்த்திக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். எழுத்தர் எழுதி வாசிப்பார், எல்லோரும் சம்மதம் என்றால்தான் ஏட்டில் ஏறும். ஒரேயொருவர் இல்லை என்றாலும் அது நின்றுபோகும். மற்ற ஊர்களில் இவர்கள் யூதப் பிள்ளைகளைக் கப்பலேற்றிக் காப்பாற்றியது உண்மை. அந்தப் பெயரில் இந்தச் சின்ன ஊர்க் கூட்டமும் அறுபது வருடமாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

நித்தி கோப்பிக் கிண்ணங்களை எடுக்க வந்தான். கிரிஜா குசினிக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ, இதை வாசிக்க விடேலாது."

"ஏன், என்ன பிழை?"

கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, மாமா சொன்னதை அப்படியே சொன்னாள். நித்தியின் முகத்தில் ஈயாடவில்லை.

"பப்பாவோ? காய்ச்சலில ஏதாவது பிசத்தியிருப்பார்."

"காய்ச்சல் இல்லை. அவரின்ர சைக்கிளிலதான் கடிதம் போனது. ஒரு ஆள் மறுத்திருந்தாலே காணும். ஒருத்தரும் மறுக்கேல்லை, அவரும்தான்."

"கிரிஜா, அந்த மனுசன் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை. மண்ணுக்குள்ள வைச்சு ரெண்டு மணித்தியாலம் ஆகேல்லை. இண்டைக்கு நீர் வாய் திறக்கக் கூடாது."

"அவர்தானே திறக்கச் சொன்னவர்."

"பயந்துபோய்க் கிடந்த சனம். அந்தக் காலத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"தெரியும்" என்றாள் கிரிஜா. "ஹமீதா எங்கட கதவைத் தட்டினவள். ரெண்டு தரம். நான் உள்ளுக்குத்தான் நிண்டனான்."

நித்தி விழித்தான். அவனுக்கு ஹமீதா யாரென்று தெரியாது. 1990இல் அவன் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தான். கிரிஜா யாழ்ப்பாணத்தில், சோனகத்தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தாள். இயக்கத்தின் வாகனம் ஒலிபெருக்கியோடு வந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், எதையும் கொண்டுபோகக் கூடாது. கிரிஜாவின் அம்மா கதவைப் பூட்டி, 'சத்தம் போடாதை' என்றார். பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவள் கதவைத் தட்டினாள். என்ன கேட்க வந்தாள் என்று கிரிஜாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த வெட்கத்தைப் புருசனுக்கும் சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் மாமாவிடம் மட்டும் சொன்னாள். அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அன்று கோபம்கூட வந்தது.

"ஆர் ஹமீதா?" என்றான் நித்தி.

வெளியே மணி அடித்தது. கூட்டம் தொடங்கிவிட்டது.

இருபத்திரண்டு பேர் வட்டமாக இருந்தார்கள். அநேகமாக எல்லாம் நரைத்த தலைகள். அரை மணி நேரம் மூச்சுச் சத்தம்தான். பிறகு அடெல்ஹைட் அம்மா எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஏழாவது வரியில் நித்தியின் கை கிரிஜாவின் மணிக்கட்டைப் பிடித்தது. கெஞ்சுகிற பிடி.

"நண்பர்களுக்குச் சம்மதமா?"

சம்மதம், சம்மதம் என்று முணுமுணுப்பு வட்டத்தைச் சுற்றி அவளை நோக்கி வந்தது. கிரிஜா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்லை" என்றாள் ஜெர்மனில்.

அடுத்த கேள்விக்காக, மாமா சொன்ன நாளிலிருந்து மூன்று வசனங்களை இரவிரவாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். குறிப்பேட்டை நெஞ்சோடு பிடித்தபடி காத்து நின்றாள்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எதிரே ஒரு கிழவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் யன்னலைப் பார்த்தார். அடெல்ஹைட் அம்மா பேனாவைத் திறந்தார். எந்த வரி என்று கேட்காமல் ஏழாவது வரியை அடித்தார். அடித்துவிட்டு, "இப்போது சம்மதமா?" என்றார்.

கிரிஜா பாடமாக்கிய மூன்று வசனமும் எங்கே போனதோ தெரியவில்லை. இவர்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் தெரியும்.

நித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வருடமாகத் தன்னைத் தோளில் தட்டி வளர்த்த முகங்கள். கடைசியில் எழுந்து, கிரிஜாவின் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கி, ஆப்பிள் இலை இருந்த பக்கத்தைத் திறந்து அடெல்ஹைட் அம்மாவுக்கு முன்னால் நீட்டினான்.

"எங்களுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது" என்றான். "நீங்கள் வாசியுங்கள்."

"என் அப்பாவின் கையெழுத்து" என்றார் அவர்.

"வாசியுங்கள்."

அடெல்ஹைட் அம்மா கதிரையில் இருந்தார். குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பக்கத்தைப் பார்க்காமலே திகதியிலிருந்து சொல்லத் தொடங்கினார்.